பூபாலன் போட்ட மஞ்சள் கோடு

என் அக்கா கன்னியம்மாளின் கணவர் பூபாலன் பிழைப்புக்குச் செய்த வேலை தரையில் மஞ்சள் கோடு போடுவது. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு, "அம்பத்தூர் எஸ்டேட்ல கம்பெனி வேலை" என்று சொல்லிக் கழன்றுகொண்டார்கள். கோடு போடுகிறவர் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அயனம்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அவர் வேலை பார்த்தது பல்சக்கரங்களைச் சூளையில் பழுக்க வைத்துக் கெட்டிப்படுத்தும் தொழிற்சாலை. சூளையின் இரும்புக் கதவு மேலே ஏறும்போது உள்ளே இருக்கிற அனல் அப்படியே வெளியே பாயும். எவ்வளவு தூரத்தில் நின்றால் மனிதன் தாங்குவான் என்று அளந்து, அந்த இடத்தில் பூபாலன் மாமா கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் சாதாரணச் சட்டை, தோல் ஏப்ரன், முகமூடிக் கண்ணாடி போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் வெள்ளித்தாள் மாதிரி மினுங்கும் அங்கி போட்டே ஆக வேண்டும். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு சித்திரை மாதத்தில் வேலை செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆகவே எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கப் பார்ப்பார்கள். பூட்ஸ் முனை மஞ்சளைத் தொடும், தாண்டாது.

நான் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஓட்டுகிறேன். சிக்னலில் வெள்ளைக் கோட்டை மதித்து நின்ற ஒரு வண்டியை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. நானும் நின்றதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் போட்ட கோட்டை அத்தனை பேர் மதித்தார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. கோடு காய்ந்ததும் முதல் ஆளாக மாமாதான் அதன் மேல் நிற்பார். கதவைத் திறக்கச் சொல்வார். ஒரு தட்டுச் சரக்கு முழுதாக வெளியே வரும்வரை நின்று காட்டிவிட்டு, "வா, நில்லு" என்பார். அவர் நிற்காமல் வேறு எவனும் நின்றதில்லை. அது அங்கே எழுதாத சட்டம்.

அளக்கிற கணக்கு கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு சதுர அடி இடத்தின் மேல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் விழுகிறது என்பதுதான் கணக்கு. அந்தச் சூளைகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை, அளவும் அந்த ஊர் அளவு, பெயர் பி.டி.யூ. கூடவே வந்த முள் மீட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் போட்டிருக்கும். ஒன்று என்றால் ஆயிரம். முள் இரண்டில் நிற்கிற இடத்தில், அதாவது இரண்டாயிரத்தில், மாமா கோடு போடுவார்.

பிறகு கார் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு வந்தார்கள். எங்களுக்கு பி.டி.யூ. வேண்டாம், சதுர மீட்டருக்கு இத்தனை கிலோவாட் என்று பலகையில் எழுதி மாட்டுங்கள் என்றார்கள். மாமா மாற்றுக் கணக்கைக் கற்றுக்கொண்டார். "ஒரு பி.டி.யூ.வுக்கு மூணு ரூபா பதினஞ்சு காசு. அவ்ளோதான் மச்சான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். வாட்டை ரூபாயாகவும் காசாகவும் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இரண்டாயிரம் பி.டி.யூ. என்றால் ஆறாயிரத்து முந்நூறு வாட். எல்லாச் சூளை முன்னாலும் 6.3 கிலோவாட் என்று பலகை தொங்கியது.

மணிக்கு என்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பால் இத்தனை ரூபாய் என்று சொன்னால் அரை லிட்டர் பாக்கெட் என்று நமக்குத் தெரிகிறதல்லவா, அது மாதிரி. பி.டி.யூ. என்றால் மணிக்கு. வேறு பி.டி.யூ. இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

போன வருஷம் அந்தப் பழைய மீட்டர் செத்துப்போனது. அதே சமயத்தில் ஒரு புதிய பெரிய சூளை வந்து இறங்கியது. மானேஜர் ராகவன், வானகரத்தில் கருவிகளை வாடகைக்கு விடும் இடத்திலிருந்து ஒரு டிஜிட்டல் மீட்டரை வரவழைத்தார். அமெரிக்கச் சாமான். மாமாவுக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அனல் பக்கம் தலை வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்று, நீளக் குழாயின் முனையில் மீட்டரின் உணர்கருவியைக் கட்டி, சூளை வாய்க்கு முன்னால் நீட்டி நகர்த்திக்கொண்டே போனார். திரையில் 2.0 என்று வந்த இடத்தைக் குறித்தார். இரண்டு என்றால் இரண்டாயிரம். மூன்று ரூபாய் பதினைந்து காசு. 6.3. கணக்கு முடிந்தது.

கோடு காய்ந்தது. மேலே நிற்க வேண்டியவர் மாமா. கண் கட்டு பிரித்த புதிது, தயங்கினார். அப்போது துலுக்கானம் முன்னால் வந்தான்.

துலுக்கானம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. சூளையிலிருந்து தட்டைக் கொக்கி போட்டு இழுக்கிற வேலை அவனுக்கு. தினமும் மாமாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவான். வாய் ஓயாது. அவன் பெண்டாட்டி ராதிகா, "அந்தாளு வண்டி பெட்ரோல்ல ஓடுதா, உன் வாயில ஓடுதா?" என்று கேட்பாள்.

"இந்தக் கண்ண வெச்சிகினு நீ இன்னாத்துக்கு நிக்கிறே அண்ணாத்தே? ஒரு தபா நா நிக்கிறேன். இன்னா ஆயிடப்போவுது" என்று சொல்லிக்கொண்டே அவன் கோட்டில் போய் நின்றான். கதவு ஏறியது, இறங்கியது. அந்தச் சூளையில் கதவு வெகு வேகம். துலுக்கானம் திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்டி கீது?" என்றார் மாமா.

"ஜாஸ்தியாத்தான் கீது. பெரிய அடுப்பு இல்ல? பரவால்ல, உன் கோடாச்சே."

அவனைத்தான் சொல்ல வேண்டும் என்று சில சமயம் எனக்குக் கோபம் வருகிறது. ஜாஸ்தி என்றால் ஜாஸ்தி என்று உறுதியாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கதவு சட்டென்று மூடிக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் காலை ஷிப்டில் கதவு மேலே ஏறிச் சங்கிலி சிக்கி அப்படியே நின்றுவிட்டது. தட்டு பாதி வெளியே, பாதி உள்ளே. தட்டு சாய்ந்தால் சரக்கு முழுக்க வீண் என்று மேஸ்திரி கத்தினார். "பிடிச்சிக்கோ, கோட்டுக்கு வெளியதானே நிக்கிறே!" துலுக்கானம் கொக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றான். பூட்ஸ் முனை மஞ்சளில் இருந்ததை மேலே கிரேனில் உட்கார்ந்திருந்த வேம்புலி பார்த்தான். தீ அவனைத் தொடவே இல்லை. சட்டை முதலில் புகைந்தது, பிறகு தானாகப் பற்றிக்கொண்டது. அவன் முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான்.

அவனைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மாமா வானகரத்துக்கு போன் போட்டார். மீட்டர் கோளாறு என்று சண்டை பிடிக்கத்தான் போட்டார். எடுத்தது அங்கே வேலை பார்க்கும் தீபிகா என்ற பெண்.

"மீட்டர் கரெக்ட்தான் சார். ரெண்டுன்னா ரெண்டு பி.டி.யூ."

"ரெண்டாயிரம் இல்லியாம்மா?"

"இல்ல சார். ரெண்டு. ஆனா அது செகண்டுக்கு சார், மணிக்கு இல்ல. நீங்க பதினொண்ணு புள்ளி மூணு அஞ்சால பெருக்கணும். கிலோவாட்ல வரும்."

மாமா மனதுக்குள் பெருக்கினார். இருபத்திரண்டு புள்ளி ஏழு. ஆறு என்று எழுதி மாட்டிய இடத்தில் இருபத்திரண்டு. மூன்றரை மடங்குக்கு மேல்.  கண் ஆபரேஷன் மேல் பழியைப் போட்டிருக்கலாம். மீட்டரில் செகண்டுக்கு என்று போட்டிருந்த பொடி எழுத்து தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. "எழுத்து தெரிஞ்சிருந்தாலும் நா மணிக்குன்னுதான் படிச்சிருப்பேன் மச்சான்" என்றார்.

நேராக ராகவனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ராகவன் கோபப்படவில்லை. 

"சரி பூபாலன். நடந்தது நடந்துபோச்சு. காலையில ஷிப்ட் வருது. முதல்ல கோட்டைச் சரியான இடத்துல போட்டுடுங்க."

"போடறேன் சார். ஆனா பழைய கோடு அப்டியே இருக்கணும். இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டையும் பாக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றார் ராகவன்.

அன்று மாலை எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "போடாதே மாமா" என்று நான் கத்தினேன். "நீ புதுக் கோடு போட்டேன்னு வெச்சிக்கோ, துலுக்கானம் கோட்டத் தாண்டினவன் ஆயிடுவான். தப்பு முழுக்க அவன் தலையில உழும்."

"போடலன்னா நாளிக்கு இன்னொருத்தன் அங்க நிப்பான்."

"அடுப்ப நிறுத்தச் சொல்லு."

"சொன்னேன். நிறுத்தமாட்டாங்களாம்."

"ஒரு போட்டோவாவது புடிச்சி வெச்சிக்கோ!"

"போனை கேட்லயே வாங்கி வெச்சிக்கிறானுங்கடா" என்றார்.  அக்கா தட்டில் சோறு போட்டு வைத்தாள். யாரும் தொடவில்லை.

காலையில் போய்ச் சரியாக அளந்து, பழைய கோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் புதிய கோடு போட்டார். அவர் போட்ட கோடுகளிலேயே மிகச் சரியான கோடு அதுதான். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது தரையில் அந்த ஒரு கோடுதான் இருந்தது. பழையதைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்திருந்தார்கள். தேய்த்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் உரசிய தடம் என்றார் ராகவன்.

மாமா இன்ஸ்பெக்டரிடம் உள்ளது உள்ளபடி சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. புதிய கோட்டில் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். செகண்டு கணக்கில் பெருக்கினால் 6.3 வந்தது. பலகையிலும் 6.3. "இந்தக் கோட்டில் நின்றால் சட்டை பற்றாது. பற்றியிருக்கிறது. அப்படியானால் அவர் கோட்டைத் தாண்டித்தான் நின்றிருக்க வேண்டும்" என்றார்.  கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாமாவே போட்ட கணக்கு.

பழைய கோட்டைப் பார்த்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். எல்லோருக்கும் வாய் இருந்தது. வேம்புலி ஒப்பந்தக்காரன் மூலம் வந்தவன், கிரேனிலிருந்து இறங்கவே இல்லை. "நாலு வயிறு கீதுண்ணே" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடித்து என்ன ஆகப்போகிறது, எனக்கும் வயிறு இருக்கிறது.

மாமாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். துலுக்கானம் கட்டுகளுக்கு நடுவில் கிடந்தான். கண்ணும் உதடும்தான் வெளியே தெரிந்தன. 

"மன்னிச்சுடு அண்ணாத்தே" என்றான்.

மாமா கட்டில் பக்கம் குனிந்தார்.

"மேனேஜரு வந்தாரு. போட்டோ காட்டினாரு. நா உழுந்த எடத்துல கறை கீது. கோடு எங்கியோ கீது. எனக்கு என்னமோ கோட்டு மேலதான் நின்ன மாரி ஞாபகம். தாண்டிட்டேன் போல கீது. உன் பேரக் கெடுத்துட்டேன். தாண்டிட்டேன்னு சொல்ட்டேன், எழுதிக்கினு பூட்டாரு."

"டேய், நீ தாண்டலடா" என்றார் மாமா. அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "நா தப்பாப் போட்டேன். அது செகண்டுக்குடா. நா மணிக்குன்னு நெனச்சிகினேன். கோட்ட மாத்திட்டானுங்க. மாத்தினதே நான்தான்."

 துலுக்கானம் வாயைக் கோணிச் சிரிக்கப் பார்த்தான்.

"நீ நல்லவன் அண்ணாத்தே. என் மேல பழி வரக் கூடாதுன்னு இப்டிச் சொல்றே. உன் கோடு எங்கியாவது தப்பாவுமா?"

அதையே நம்பிக்கொண்டு அவன் செத்துப்போனான். மாமா அடித்துச் சொன்னார், அழுதார், கட்டிலைப் பிடித்து உலுக்கினார். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினாள். மறுமுறை போனபோது அவனுக்கு நினைவில்லை.

ராதிகாவுக்குக் கம்பெனியில் வேலை கொடுப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தொழிலாளியின் சொந்தத் தவறு என்று எழுதியானபின் எப்படிக் கொடுப்பார்கள்? மாமா அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். "அவரே சொல்ட்டுப் போய்ட்டாருண்ணே. நீங்க எதுக்கு உங்க மேல இஸ்துப் போட்டுக்கிறீங்க" என்று சொல்லி அவள் டீ போட்டுக் கொடுத்தாள். மாமா அதைக் குடித்தார். எப்படிக் குடித்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேலையை விட்டுவிடு என்றேன். விடவில்லை. "நா போய்ட்டா அந்த எடத்துல நடந்தத சொல்ல ஆளு கெடையாது" என்றார். அவர் சொன்னால் மட்டும் கேட்க ஆள் இருந்ததா? பைத்தியம் என்று பேசிக்கொண்டார்கள். பெருமாள் மாடு மாதிரி எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதர், டீ நேரத்தில் ஒவ்வொருவனாகப் பிடித்துத் தேய்த்த தடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் புதிய ஆட்கள் வந்தார்கள். பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். சூளைக்கு முன்னால் அவர்களை நிறுத்தி, "கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் தெரியுமா? துலுக்கானம் என்று ஒருவர் இருந்தார்" என்று ராகவன் ஆரம்பித்தார். அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவன் வேம்புலி.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அவன் தாண்டல" என்றார். "நான்தான் கோட்டத் தப்பாப் போட்டேன்."

எல்லோரும் ராகவனைப் பார்த்தார்கள். புதியவர்களில் வினோத் என்று ஒருவன், பட்டாபிராம் பக்கத்து ஆள், கேட்டானாம்: "அது தப்புன்னா, இந்தக் கோடு மட்டும் கரெக்டுன்னு நாங்க எப்டிண்ணே நம்பறது?"

நியாயமான கேள்வி.  மாமா போய்ப் புதிய கோட்டில் பூட்ஸ் முனையை வைத்து நின்றார். கதவு பட்டனில் இருந்த பையனைப் பார்த்துக் கை காட்டினார். வழக்கம்தானே என்று அவனும் திறந்துவிட்டான். கதவு ஏறி நின்றது. மாமாவின் முகம் சிவந்தது, வேர்த்துக் கொட்டியது. சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாத்துக்கினீங்களா? இங்க நின்னா சட்ட பத்திக்காது" என்றார். "அவன நா நிக்க வெச்சது அங்க."

நடந்தார். ராகவன் கதவை மூடு, மூடு என்று கத்தினார். பட்டன் பையன் பதறிப்போய்ப் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான், கதவு அப்படியே மேலே நின்றது. மாமா அந்த வெளுத்த தடத்தின் மேல் போய் நின்றார். துலுக்கானம் கொக்கியை நீட்டிப் பிடித்தது மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். வேம்புலி கிரேனிலிருந்து இறங்கி ஓடிவந்து அவரை இடுப்போடு சேர்த்து இழுத்துப் போட்டபோது, முழங்கை வரைக்கும் சட்டை எரிந்துகொண்டிருந்தது.

உயிர் பிழைத்தார். இரண்டு கைகளிலும் தோல் போய்விட்டது, வலது கை விரல்கள் மடங்குவதில்லை. இனி அவர் பிரஷ் பிடித்துக் கோடு போட முடியாது. கம்பெனி விசாரித்து அறிக்கை எழுதியது. ஊழியர் பூபாலன் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டிச் சென்றதால் விபத்து நேர்ந்தது. இப்போது வகுப்பில் இரண்டு பெயர்களைச் சொல்கிறார்களாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ராதிகா பார்க்க வந்தாள். அக்கா மருந்து போடுவதற்காகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெந்த அடையாளம் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி ஏறி, முழங்கையோடு நின்றிருந்தது. ராதிகா அந்தக் கைகளையே பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் அவள் புருஷன் கைகளைப் பார்த்தவள்; அவையும் இதே மாதிரிதான் வெந்திருந்தன.

"எங்க நின்னீங்கண்ணே?" என்றாள்.

"அவன் நின்ன எடத்துலம்மா."

அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு தாண்டல" என்றாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.